தண்டவாளத்தில் ஓடிய லாரி

மரவள்ளிக்குக் களையெடுப்பு, கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காம அலைஞ்சதுன்னு ரெண்டு மாசமா இங்கே எதுவும் எழுத முடியலை. இந்தத் தடவை பயிர் பச்சையைப் பத்தி இல்லை. காட்சிக்கு நிறுத்தி வெச்சிருக்கற ஒரு பழைய ராணுவ டீசல் வண்டியைப் பத்தி எழுதறேன். அதுக்கும் எங்க வீட்டுப் பட்டாவுக்கும் சம்பந்தம் இருக்கு. அதனால கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் கள்ளக்குறிச்சியில டீக்கடைப் பேச்சு. எங்க ஊர்க்காரங்க கூடினா வழக்கமா வர்ற பேச்சுதான். 2019-ல மாவட்டத் தலைநகரம் ஆகியும் கள்ளக்குறிச்சிக்கு ரயில் இல்லை. சின்னசேலத்துல இருந்து கள்ளக்குறிச்சிக்குப் புதுசா ரயில் பாதை போட 2006-07-லயே அனுமதி ஆச்சு. தூரம் 16 கிலோமீட்டர்தான். நான் இதை எழுதற 2024 மே வரைக்கும் அதுல ரயில் ஓடலை. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனைக் காட்டி, "மாமா, ஜப்பான்காரன் யுத்த சமயத்துல காட்டுக்குள்ள 415 கிலோமீட்டர் பாதையை பதினாறே மாசத்துல போட்டிருக்கான். நாம 16 கிலோமீட்டருக்கு இத்தனை வருஷம். அந்த மாதிரி ஆளுங்க வேணும்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அந்தப் பாதையில ஓடின ஒரு வண்டியை இந்த ஜனவரியிலதான் நேர்ல பாத்துட்டு வந்தேன். அது எப்படி பதினாறு மாசத்துல முடிஞ்சதுன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்றேன்.

மொதல்ல பட்டா விஷயம்.

எங்க கொல்லையில ஒரு ஏக்கர் நாப்பது சென்ட் எங்க தாத்தா பேர்லயும் அவர் தம்பி பேர்லயும் கூட்டா இருக்கு. எண்பதுகள்ல யூ.டி.ஆர். வந்தப்போ பழைய சிட்டாவுல இருந்த ரெண்டு பேரையும் அப்படியே ஏத்திட்டாங்க. தாத்தாவுக்கு இறப்புச் சான்று இருக்கு. தம்பிக்கு இல்லை. அவர் எங்க சின்ன தாத்தா. 1937 வாக்கில மலாயாவுக்குப் போனவர், திரும்பி வரலை. இப்போ பெரியப்பா மகன் தன் பாகத்தைத் தனியாப் பிரிச்சு போர்வெல்லுக்குக் கரண்ட் வாங்கணும்னு நிக்கிறான். அவர் பேர் இருக்கற வரைக்கும் உட்பிரிவு பண்ண முடியாது. வக்கீலைப் பாத்தோம். ஏழு வருஷம் ஒருத்தரைப் பத்தி எந்தத் தகவலும் இல்லைன்னா செத்துட்டதாக் கோர்ட்டுல உத்தரவு வாங்கலாம்னு சொன்னார். மனு எழுதறதுக்காக, "எப்போ, எங்கே காணாமப் போனார்?"னு கேட்டார். பெரியப்பாவும் நானும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

எங்க வீட்டுல தெரிஞ்சது இவ்வளவுதான். அந்தக் காலத்துல தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்கள்ல இருந்து கங்காணி மூலமா ரப்பர் எஸ்டேட்டுக்கு ஆள் போனது உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எஸ்டேட்டுல வேலை பாக்கற கங்காணியே சொந்த ஊருக்கு வந்து, சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு ஆள் பிடிச்சுட்டுப் போவான். 1938 ஜூன்ல இந்திய அரசாங்கம் அந்த ஆள் அனுப்புற முறையை நிறுத்திடுச்சு. சின்ன தாத்தா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிருக்கார். சின்னசேலத்துல மீட்டர் கேஜ் ரயில் ஏறி, நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினார்னு பெரியப்பா சொல்லுவார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான், பிள்ளை இல்லை. ரெண்டு மூணு வருஷத்துல திரும்பி வந்து கிணறு வெட்டலாம்னு போனவர். சிலாங்கூர் பக்கம் ஏதோ எஸ்டேட். 1941 வரைக்கும் பணமும் கடுதாசியும் வந்திருக்கு. அந்த டிசம்பர்ல ஜப்பான் படை மலாயாவுல இறங்கிச்சு, 1942 பிப்ரவரி 15-ல சிங்கப்பூர் விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் வரலை. யுத்தம் முடிஞ்சு கப்பல் விட்டப்புறம் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் திரும்பி வந்து, "சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனாங்க, நான் பாத்தேன்"னு சொன்னாராம். அதுதான் கடைசித் தகவல்.

சின்ன ஆயா 1988-ல சாகற வரைக்கும் தாலியைக் கழட்டலை. கழட்டச் சொல்ல யாருக்கும் துணிவும் இல்லை, ஆதாரமும் இல்லை. பூ பொட்டோடதான் எடுத்தோம்.

என் தங்கச்சி மகன் பாங்காக்குல வேலை பாக்கறான். "மாமா, ஒரு தடவை வாங்க, அந்த ரயில் ரோடு இங்கே ரெண்டு மூணு மணி நேரந்தான்"னு ரெண்டு வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். வக்கீல் கேள்வி கேட்டதுக்கப்புறம் கிளம்பிட்டேன்.

பாங்காக்குல தோன்புரின்னு ஒரு ஸ்டேஷன். அங்கே இருந்து காலையில மூணாம் வகுப்பு ரயில். மரச் சீட்டு, திறந்த ஜன்னல், வெளிநாட்டுக்காரங்களுக்கு 100 பாட் டிக்கெட். மீட்டர் கேஜ்தான். எங்க சின்னசேலம் பாதை அகலப் பாதையா மாறின பின்னாடி அந்த ஆட்டத்தை நான் மறந்தே போயிருந்தேன். நோங் பிளாடுக்னு ஒரு ஜங்ஷன் தாண்டினதும் காஞ்சனபுரி பக்கம் திரும்புது. அங்கேதான் அந்தப் பாதையோட ஆரம்பம். ஜன்னல்ல பாத்தா ரெண்டு பக்கமும் கரும்பு, மரவள்ளி, மறுபடியும் கரும்பு. தூரத்துல மலை. கச்சிராயபாளையத்துல இருந்து கல்வராயன் மலையைப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. சின்ன தாத்தாவைச் சரக்கு வேகன்ல அடைச்சு இந்த வழியாக் கொண்டு போயிருந்தா, கதவு இடுக்குல பாத்து அவருக்கும் இது ஊர் மாதிரி தெரிஞ்சிருக்குமோன்னு ஒரு நினைப்பு.

காஞ்சனபுரியில எல்லாரும் போறது குவாய் ஆத்துப் பாலத்துக்கு. சினிமாவால உலகம் முழுக்கத் தெரிஞ்ச பாலம். அந்த 1957 சினிமாவை எடுத்தது இலங்கையில கித்துல்கலன்ற ஊர்ல. பாலத்து ஸ்டேஷன் பக்கத்துல பழைய ரயில் எஞ்சின்களைக் காட்சிக்கு நிறுத்தியிருக்காங்க. ஜனங்க பெரிய நீராவி எஞ்சின் முன்னாடிதான் போட்டோ எடுக்கறாங்க. என் கண்ணு போனது அது மேல இல்லை. ரயில் சக்கரம் மாட்டின ஒரு லாரி.

முன்னாடி பானெட், டிரைவர் உக்கார்ற இடம், பின்னாடி சாமான் ஏத்தற பகுதி. எல்லாம் பழைய ராணுவ லாரிதான். கீழே மட்டும் டயருக்குப் பதிலா விளிம்பு வெச்ச இரும்புச் சக்கரம். ரோட்டுலயும் ஓட்டலாம், தண்டவாளத்துலயும் ஓட்டலாம்ங்கற மாதிரி ஜப்பான் ராணுவம் செஞ்ச வண்டி. டிராக்டர் வெச்சிருக்கறவனுக்கு இது உடனே புரியும். சேத்துல உழவு ஓட்ட நாம டயரைக் கழட்டிட்டு கேஜ் வீல் மாட்டறோம் இல்லையா, அதே யோசனைதான். ரோடு இருக்கற வரைக்கும் ரப்பர் டயர், தண்டவாளம் வந்ததும் இரும்புச் சக்கரம். தண்டவாளத்து மேல ஏறிட்டா ஸ்டீயரிங்குக்கு வேலையே கிடையாது, சக்கர விளிம்பே வழியில நடத்திக்கிட்டுப் போகும்.

ராணுவத்துக்கு ஏன் இப்படி ஒரு வண்டி? இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லணும். ஸ்டேஷன் யார்டுல வேகன்களைத் தள்ளி, இழுத்து, பிரிச்சு, சேர்க்கற வேலைக்கு ஷண்டிங்னு பேர். அதுக்குன்னே சின்ன எஞ்சின்கள் உண்டு. நீராவி எஞ்சின்ல தண்ணி காஞ்சு நீராவி ஏற மணிக்கணக்கு ஆகும். தண்ணித் தொட்டி, விறகோ நிலக்கரியோ வழி நெடுக வேணும். பகல்ல புகை மேலே எழும்பி விமானத்துக்குக் காட்டிக் கொடுக்கும். தீப்பொறி பறக்கறதால குண்டு மருந்துக் கிடங்குகிட்டக் கொண்டு போகப் பயம். டீசல் எஞ்சினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கிளப்பினதும் ஓடும், வேலை முடிஞ்சா அணைச்சு வெச்சிடலாம். அதனால ரெண்டாம் உலக யுத்தத்துல எல்லா நாட்டு ராணுவமும் ஷண்டிங்குக்கு டீசலைத் தேடிச்சு. இந்தியாவோட பிராட் கேஜுக்கும் அப்படித்தான் டீசல் வந்துச்சு. 1944-45-ல அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக் செஞ்ச 15 ஷண்டிங் எஞ்சின்கள் இங்கே வந்து இறங்கிச்சு. பின்னாடி அதுக்கு டபிள்யூ.டி.எஸ்.-1னு வகைப் பேர் வெச்சாங்க.

ஜப்பான் ராணுவத்துக்கு லாரி, டீசல் எஞ்சின் செஞ்சு கொடுத்த முக்கியமான கம்பெனிக்கு 1941-ல பேரே 'டீசல் மோட்டார்'னுதான் மாத்தினாங்க. 1949-ல அது இசுசு ஆச்சு. இன்னிக்கு நம்ம சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில பிக்கப் வண்டி செய்யற அதே இசுசுதான்.

சயாம் காட்டுல இந்த மாதிரி வண்டிக்கு இன்னொரு அவசியமும் இருந்துச்சு. புதுசாக் கொட்டின மண் கரை, மழையில ஊறினது, மேலே மரப் பாலம். பெரிய எஞ்சின் ஏறினா அமுங்கிடும். லாரி எடை கம்மி. தண்டவாளம், ஸ்லீப்பர் கட்டை, ஆணி ஏத்தின சின்ன வேகன்களோட பாதை முடியற முனை வரைக்கும் இது போகும். அங்கே ஆளுங்க இறக்கி, தோள்ல தூக்கிக் கொண்டு போய்ப் பதிப்பாங்க. பதிச்ச தண்டவாளத்து மேலயே வண்டி கொஞ்சம் முன்னே நகரும். மறுபடி இறக்கு, மறுபடி பதி. பாதை நீள நீள வண்டியும் நகரும். அதுக்கு முன்னாடி எப்பவும் மனுஷங்க இருக்கணும்.

தண்டவாளம் எங்கே இருந்து வந்துச்சு? புதுசா உருக்கினது இல்லை. மலாயாவுல கிழக்குக் கரை ரயில் பாதையோட பெரும்பகுதியைப் பிடுங்கி எடுத்தாங்க. ஜாவாவுல இருந்தும் பர்மாவுல இருந்தும் எடுத்தாங்க. எல்லாம் மீட்டர் கேஜ் நாடுன்றதால ஒண்ணோட ஒண்ணு பொருந்திச்சு. ஜாவா மட்டும் வேற அளவு. ஜப்பானோட சொந்த அளவும் 1067 மில்லிமீட்டர். அதனால அங்கே இருந்து கொண்டு வந்த சி-56 வகை நீராவி எஞ்சின் 90-க்கும் சக்கரத்தை 67 மில்லிமீட்டர் நெருக்கி மாத்தினாங்க.

தண்டவாளத்தைப் பிடுங்கினது ஜப்பான்காரன் மட்டும் இல்லை. நம்ம பக்கமே யுத்தத்துக்குன்னு வெள்ளைக்கார சர்க்கார் மதுரை - போடி பாதையைப் பிடுங்கிட்டு, சுதந்திரத்துக்கு அப்புறம்தான் திரும்பப் போட்டாங்க. கல்வராயன் மலைக்கு மேற்கே மொரப்பூர் - தருமபுரி - ஓசூர்னு பஞ்ச காலத்துக்கு உதவ ஒரு குட்டி ரயில் பாதை இருந்துச்சு. அதையும் யுத்த காலத்துல எடுத்துட்டாங்க. மொரப்பூர் - தருமபுரிக்கு இன்னும் திரும்ப வரலை.

இப்போ அந்தப் பையன் சொன்ன பதினாறு மாசத்துக்கு வர்றேன். சயாமையும் பர்மாவையும் ரயில்ல இணைக்கலாமான்னு பிரிட்டிஷ்காரங்க முன்னாடியே பாத்திருக்காங்க. மலை, காடு, மலேரியா, மழை எல்லாத்தையும் கணக்குப் போட்டு வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஜப்பானுக்குக் கடல் வழியில கப்பல் மூழ்க ஆரம்பிச்சதும் பர்மாவுல இருக்கற படைக்குச் சாமான் அனுப்ப வேற வழி இல்லாமப் போச்சு. 1942 ஜூன்ல உத்தரவு. ரெண்டு முனையில இருந்தும் வேலை. சயாம் பக்கம் ஒன்பதாவது ரயில்வே ரெஜிமென்ட், பர்மா பக்கம் அஞ்சாவது ரயில்வே ரெஜிமென்ட். 1943 அக்டோபர் 17-ல கோன்கொய்த்தான்ற இடத்துல ரெண்டும் சேந்துச்சு. பான்போங்குல இருந்து தன்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர்.

மொதல்ல யுத்தக் கைதிகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு சிப்பாய்ங்க, 60,000-க்கு மேல. 1943-ல உத்தரவை இன்னும் இறுக்கினாங்க. 'ஸ்பீடோ, ஸ்பீடோ'ன்னு காவல்காரங்க கத்தின காலம்னு கைதிகள் எழுதியிருக்காங்க. கைதிகள் பத்தலை. அப்போதான் மலாயா எஸ்டேட்டுப் பக்கம் திரும்பினாங்க. அங்கே ரப்பர் வாங்க ஆளில்லை, வேலை இல்லை, அரிசி இல்லை. மூணு மாசம் வேலை, நாளுக்கு ஒரு டாலர், சாப்பாடு இலவசம்னு சொன்னா யார் போக மாட்டாங்க? மொதல்ல போனவங்க தானாப் போனாங்க. மூணு மாசம் கழிச்சு யாரும் திரும்பலைன்னு தெரிஞ்சதும் அடுத்தவங்க காட்டுக்குள்ள ஒளிஞ்சாங்க. அப்புறம் வீடு புகுந்து பிடிச்சாங்க. சில இடத்துல இலவச சினிமான்னு கூப்பிட்டு, வந்தவங்களை அப்படியே லாரியில ஏத்தினாங்க. மலாயாவுல இருந்து மட்டும் 70,000-க்கும் மேல போனதாக் கணக்கு. பெரும்பாலும் தமிழங்க. பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க எல்லாரையும் சேத்தா ரெண்டு லட்சம் பக்கம்.

1943-ல மழையோட காலரா வந்துச்சு. கைதிகளுக்கு மருந்து இல்லைன்னாலும் அவங்களோட சொந்த ராணுவ டாக்டருங்க இருந்தாங்க. தண்ணியைக் காய்ச்சணும், கக்கூஸ் குழி தள்ளி வெட்டணும்னு கட்டாயப்படுத்த அதிகாரிங்க இருந்தாங்க. செத்தவன் பேர், படை நம்பர், புதைச்ச இடம் எல்லாத்தையும் ஒளிச்சு ஒளிச்சுக் குறிச்சு வெச்சாங்க. எஸ்டேட்டு ஜனத்துக்கு இதுல எதுவும் இல்லை. ஆத்துத் தண்ணியைத்தான் குடிச்சாங்க. கூட்டம் கூட்டமாச் செத்த பின்னாடி, சிங்கப்பூர்ல இருந்த கைதி டாக்டருங்களைக் கொஞ்சம் பேரைத்தான் அவங்க முகாமுக்கு அனுப்பினாங்க. கைதிகள்ல 12,000-க்கு மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க 90,000 பேர் செத்திருக்கலாம்னு பொதுவாச் சொல்றாங்க. கைதிகளோட கணக்கு பேர் பேரா வந்த கணக்கு. தொழிலாளிங்க கணக்கு குத்துமதிப்பு. யாரும் பேர் எழுதி வைக்கலை.

அதை நேர்லயே பாத்தேன். காஞ்சனபுரி ஊருக்குள்ள கைதிகளோட கல்லறைத் தோட்டம் இருக்கு. ஏறத்தாழ 7,000 கல். ஒவ்வொண்ணுலயும் பேர், வயசு, தேதி. புல்லை ஒட்ட வெட்டி, பூச்செடி வெச்சு அவ்வளவு சுத்தம். ஆத்தோரம் ஜீத்னு ஒரு அருங்காட்சியகம், 1977-ல ஒரு புத்த மடத்துக்காரங்க ஆரம்பிச்சது. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா - ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்துன்னு நாட்டுப் பேரோட முதல் எழுத்தைச் சேத்து வெச்ச பேர். மலாயாவுக்கு அதுல எழுத்து இல்லை.

பாலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல, 1944-ல ஜப்பான் படையே செத்தவங்களுக்காகக் கட்டின ஒரு நினைவுத் தூண் இருக்கு. சுத்தி உள்ள சுவர்ல பல மொழியில கல் பதிச்சிருக்காங்க. அதுல ஒண்ணு தமிழ். அடிச்சு வேலை வாங்கினவங்களுக்கே தமிழ்ல ஒரு கல் வைக்கணும்னு தோணியிருக்குன்னா, எத்தனை தமிழங்க செத்திருக்கணும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அந்தக் கல்லுலயும் ஒரு ஆள் பேரும் கிடையாது.

யுத்தம் முடிஞ்ச பின்னாடி பிரிட்டிஷ் அரசாங்கம் சயாம் பக்கத்துப் பாதையைத் தாய்லாந்துக்கு வித்துச்சு. விலை பன்னிரண்டரை லட்சம் பவுண்டு. தண்டவாளத்தையும் வேகனையும் பறிகொடுத்த மலாயா, பர்மா, டச்சு ரயில்வேக்களுக்கு அதுல இருந்து ஈடு கொடுத்தாங்க. எந்த ஊர்த் தண்டவாளம் எத்தனைன்னு கணக்கு இருந்திருக்கு. அங்கே ஓடின சி-5631ன்ற நீராவி எஞ்சினை, பழைய ரயில்வே ரெஜிமென்ட்காரங்க பணம் போட்டு 1979-ல ஜப்பானுக்கே கொண்டு போயிட்டாங்க. இப்போ அது டோக்கியோவுல யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்து வாசல்ல பளபளன்னு நிக்குது. எஞ்சினுக்கு நம்பர் இருந்துச்சு, அதனால தேடிக் கண்டுபிடிக்க முடிஞ்சுது.

நான் அந்த லாரியைத் திட்டலை. இரும்பு என்ன செய்யும்? அதை வெச்சிருக்கறதும் நல்லதுதான். அது இல்லைன்னா பாதை எப்படி நீண்டுச்சுன்னு எனக்கே புரிஞ்சிருக்காது. தங்கச்சி மகன் போட்டோ எடுத்து முடிச்சுட்டு, "போலாமா மாமா"ன்னு ரெண்டு தடவை கேட்டான். வண்டிக்கு முன்னாடி, ரெண்டு சக்கரத்துக்கும் நேரா, தரையையே பாத்துக்கிட்டு நின்னேன். தண்டவாளம் தூக்கினவங்க நின்ன இடம் அதுதானே.

அப்புறம் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்துல வாட் தாவோன் வராராம்னு ஒரு கோயிலுக்குப் போனோம். ஊருக்குள்ள தோண்டும்போது கிடைச்ச தொழிலாளிங்களோட எலும்பை அங்கேதான் சேத்து அடக்கம் பண்ணியிருக்காங்க. தாய்லாந்துல இருக்கற தமிழங்களும் மலேசியாக்காரங்களும் சேந்து 2023-ல அங்கே ஒரு நடுகல் நட்டிருக்காங்க. நடுகல்னு அந்தப் பேரைப் பாத்ததும் எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. எங்க பக்கம் அது புத்தகத்துல இருக்கற சமாசாரம் இல்லைங்க. மலைக்கு அந்தப் பக்கம் செங்கம், தருமபுரின்னு போனா வயல் வரப்புல நடுகல் நிக்கும். வேடியப்பன்னு பேர் சொல்லிப் பொங்கல் வைப்பாங்க. பல்லவர் காலத்துக் கல்லுல, எந்த ராஜாவோட எத்தனையாவது வருஷம், யாரோட ஆள், எந்த மாட்டை மீட்கப் போய்ச் செத்தான்னு எழுதியிருக்கு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி மாட்டுக்காகச் செத்த ஒருத்தனுக்குப் பேர் இருக்கு. எண்பது வருஷத்துக்கு முன்னாடி செத்த எங்க சின்ன தாத்தாவுக்கு இல்லை. கோயில் வாசல்ல பூ வாங்கி வெச்சேன். அவர் பேரை ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லிட்டு வந்தேன். அவர் அங்கேதான் செத்தாரான்னு எனக்கு நிச்சயம் கிடையாது. ஆனா அதை விட்டா வேற எந்த இடத்துல சொல்றது?

ஊருக்கு வந்து எல்லாத்தையும் பெரியப்பாகிட்டச் சொன்னேன். வயசு 84. லாரி போட்டோவைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்பா, கோர்ட்டுல உத்தரவு வாங்கினா பட்டாவுல இருந்து சித்தப்பா பேரை எடுத்துடுவாங்களா?" ஆமாம்னேன். "கப்பல் ஏறினதுக்குச் சீட்டு இல்லை. செத்ததுக்குச் சீட்டு இல்லை. அவரு பேரு இருக்கற காயிதம் அது ஒண்ணுதானேப்பா"ன்னார்.

நான் அதுவரைக்கும் அப்படி யோசிச்சதே இல்லை. நாங்க எல்லாரும் அந்தப் பேரை ஒரு தொல்லையா நினைச்சுக்கிட்டு இருந்தோம். ஆறு வாரம் ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கலை. பெரியப்பா மகன் பாவம், அவனுக்குத் தண்ணி வேணும், கரும்பு காயுது. கடைசியில பெரியப்பாவே, "போட்டுடு மனுவை. அவரு கிணறு வெட்டத்தானே போனாரு. அந்த நெலத்துக்குத் தண்ணி வரட்டும்"னார். இந்த வாரம் மனு போடறோம். காணாமப் போன வருஷம் 1943, இடம் சயாம் பர்மா ரயில் பாதைன்னு எழுதச் சொல்லியிருக்கேன். வக்கீல், "இதெல்லாம் தேவையில்லை, ஏழு வருஷம் தகவல் இல்லைன்னாப் போதும்"னு சொன்னார். இருக்கட்டும் சார், எழுதுங்கன்னேன். ஒரு கோர்ட்டுக் காகிதத்துலயாவது அது இருக்கட்டும். பழைய பட்டாவுக்கும் நகல் எடுத்து வெச்சிருக்கேன்.

டீக்கடைப் பையனுக்கு நான் அன்னிக்குப் பதில் சொல்லலை. ஆனா வெள்ளிமலையில இருந்து கடுக்காய் கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்துல இருந்தார். அவர்தான், "கூலி குடுக்காம அடிச்சு வேலை வாங்கினா எதையும் சீக்கிரமா முடிக்கலாம் தம்பி. எங்க அப்பா ஜாகீர்தாருக்குச் சும்மா ஏர் ஓட்டினவரு"ன்னார். கல்வராயன் மலையில மூணு ஜாகீர் இருந்ததும், மலைக்காரங்க 1976 வரைக்கும் அவங்களுக்குக் கூலியில்லாம உழைச்சதும் அந்தப் பையனுக்குத் தெரியாது. எனக்கும் அவன் வயசுல தெரியாது. சின்னசேலம் ரயில் சீக்கிரம் வரணும்னு எனக்கும் ஆசைதான். வந்தா மொதல் நாளே ஏறுவேன். அதுக்கு ஜப்பான்காரனை உதாரணம் காட்டாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கறேன்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க தாத்தா பாட்டி ஊர் தென்னாற்காடு, சேலம், தஞ்சாவூர் பக்கம்னா, மலாயா போய்த் திரும்பாதவங்க யாராவது உங்க குடும்பத்துலயும் இருக்கலாம். வீட்டுல எண்பது வயசுக்காரங்க இருந்தா இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்க. பேர், ஊர், போன வருஷம், எந்த எஸ்டேட், கடைசியாப் பாத்தவர் யார்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குங்க. ஊர்ல நிலம் இருந்தா பழைய சிட்டாவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

மழை வர்ற மாதிரி இருக்கு. மக்காச்சோளத்தை மூடப் போகணும். அடுத்த பதிவுல பாப்போம்.